புதுசை ஏன் அழுக்காக்குற?

மிக்-21 போர் விமானங்களுக்கு இந்திய விமானப்படை விடைகொடுத்த 2025 செப்டம்பர் 26 அன்று எனக்கு டெஸ்க்கில் காலை ஷிஃப்ட். சண்டிகரிலிருந்து வரும் படங்களுக்கு கேப்ஷன் எழுதி, கேலரியாக ஏற்றுவது வேலை. முதல் மிக்-21 படைப்பிரிவு 1963-ல் தொடங்கப்பட்டதும் அதே சண்டிகரில்தான். 62 வருடங்கள், 870-க்கும் மேற்பட்ட விமானங்கள். நான் என்னவோ படங்களைப் பெரிதாக்கி, பெயிண்ட் எங்கே வெளுத்திருக்கிறது, வால்பக்கம் எங்கே கருத்திருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தேன். அன்று ராத்திரியே ஒரு மிக்-21 மாடல் கிட் ஆர்டர் போட்டாச்சு.

பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டி, பெயிண்ட் அடித்து விமானம் செய்யும் பொழுதுபோக்கு இது. ஒட்டி முடித்ததும் வேலை முடிந்துவிடாது. வெயிலில் நின்ற, மழையில் நனைந்த, எண்ணெய் ஒழுகிய தழும்புகளையெல்லாம் அதன்மேல் கொண்டுவர வேண்டும். அதற்குப் பெயர் வெதரிங். எனக்கு இதில் அந்தக் கட்டம்தான் பிடிக்கும். அப்பாவுக்கு அதுதான் பிடிக்காது.

அப்பா அம்பத்தூரில் ஒரு டிங்கரிங் ஷெட்டில் 27 வருடம் ஸ்ப்ரே பெயிண்டராக இருந்தவர். இடி வாங்கி வந்த காரை, இடியே வாங்காத மாதிரி திருப்பி அனுப்புவது அவர் தொழில். "காசு குடுத்து வாங்குன புது சாமானை ஏம்மா அழுக்காக்குற?" என்பார். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது.

இரண்டு வருடமாக அவர் ஸ்ப்ரே கன்னைத் தொடுவதில்லை. ஹார்டனர் கலந்து அடிக்கும் கார் பெயிண்ட்டில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. தகுந்த மாஸ்க் இல்லாமல் அதைத் தொடர்ந்து சுவாசிப்பவர்களுக்கு ஆஸ்துமா வரலாம். அப்பாவுக்கு மாஸ்க் என்றால் மூக்கில் கட்டிய கைக்குட்டைதான். இப்போது சட்டைப் பையில் இன்ஹேலர். அதனால் நான் வீட்டுக்குள் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பெயிண்ட் மட்டும், அதுவும் பிரஷ்ஷில்தான். கன், ஹேர் ஸ்ப்ரே, டர்பன்டைன் எல்லாம் மொட்டை மாடியில், மாஸ்க் போட்டுக்கொண்டு. அப்பா கீழே வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, குரலிலேயே மேற்பார்வை பார்ப்பார்.

பட்டி பார்க்கும் வேலை அவருடையது. உடம்பின் இரண்டு பாதிகள் சேரும் இடத்தில் பட்டி வைத்து, வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேய்ப்பார். கண்ணால் பார்க்க மாட்டார், விரலால் தடவித்தான் பார்ப்பார். "இன்னும் மேடு இருக்கு." எனக்கு அந்த மேடு தெரியவே தெரியாது. பிரைமர் அடித்தால் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும்.

நான் செய்ய நினைத்தது 1971-ன் மிக்-21. வெறும் அலுமினிய வெள்ளியாகப் பறந்துகொண்டிருந்த விமானங்களுக்குப் போரையொட்டி அவசரமாகப் பச்சை அடித்தார்கள். அந்த டிசம்பர் 14-ம் தேதி டாக்கா ஆளுநர் மாளிகையை ராக்கெட்டுகளால் தாக்கியவை மிக்-21-கள். இதைச் சொன்னதும்தான் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அவசரத்துல அடிச்ச பெயிண்ட்டா? அப்போ உரிஞ்சிருக்கும்மா. ஆள் ஏறி இறங்குற இடத்துல மொதல்ல உரியும்." விமானத்தைப் பற்றி எதுவும் படிக்காத மனிதர், பெயிண்ட்டை வைத்தே சொல்லிவிட்டார்.

அதையே செய்தோம். முதலில் முழுக்க வெள்ளி நிறம். நன்றாகக் காய்ந்தபின் அதன்மேல் கடையில் கிடைக்கும் சாதாரண ஹேர் ஸ்ப்ரே. அதற்கு மேல் பச்சை. பச்சை காய்ந்ததும் ஈரப் பிரஷ்ஷால் லேசாகத் தேய்த்தால், தண்ணீர் உள்ளே இறங்கி ஹேர் ஸ்ப்ரேயைக் கரைக்கும். பச்சை துணுக்கு துணுக்காகப் பெயர்ந்து அடியிலிருக்கும் வெள்ளி தெரியும். ஏணி சாத்தும் இடம், மெக்கானிக்குகள் திறந்து மூடும் தகடுகளின் ஓரம், இறக்கையின் முன்விளிம்பு, அவ்வளவுதான். இது 72-ல் ஒரு பங்கு அளவு. 7.15 மீட்டர் இறக்கை அகலம் பத்து சென்டிமீட்டருக்கும் குறைவாகிவிடும். மாடலில் ஒரு மில்லிமீட்டர் உரிந்தால் நிஜ விமானத்தில் 7.2 சென்டிமீட்டர், ஏறக்குறைய உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்ட் போயிருக்கிறது என்று அர்த்தம். இன்டர்நெட்டில் வரும் பல மாடல்கள் குப்பைமேட்டில் கிடந்த மாதிரி இருப்பதற்கு இந்தக் கணக்கை மறப்பதுதான் காரணம் என்பேன்.

அப்பா அங்கங்கே துரு வைக்கச் சொன்னார். கார்க்காரர் கண்ணுக்குப் பழசு என்றால் துருதான். விமானத்தின் தோல் பெரும்பாலும் அலுமினியம், அது இரும்பு மாதிரி செந்துரு பிடிக்காது என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "சரி, அப்போ அழுக்கு எந்தப் பக்கம் ஓடும்?" என்று கேட்டார். பறக்கும்போது காற்று மூக்கிலிருந்து வாலுக்கு ஓடும், கசிகிற எண்ணெயும் அப்படியே இழுபடும். கறுப்பும் பழுப்பும் கலந்த ஆயில் கலரை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து, தகடு இணையும் கோடுகளில் ஓடவிட்டு, முன்னிருந்து பின்னாகத் துடைத்தேன். நின்றுகொண்டிருக்கும்போது ஒழுகியது மட்டும் நேராகக் கீழே இறங்கும். வால் முனையில் கறுப்புச் சாக்பீஸ் தூள்.

கடைசியாக மேட் வார்னிஷ் அடிக்க வேண்டிய நேரத்தில் மழைக்காலம் பிடித்துக்கொண்டது. "ஈரக்காத்துல கிளியர் அடிக்காத, வெள்ளை பூத்துடும்" என்று அப்பா நான்கு நாள் மாடிப்பக்கமே விடவில்லை. ஐந்தாம் நாள் நல்ல வெயில். அடித்து இறக்கிக்கொண்டு வந்ததும் ஜன்னலோரம் வைத்து ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஏணி சாத்தும் இடத்தை நகத்தால் தடவினார்.

"பட்டி தெரியல," என்றார். அப்புறம், "ஆவடியில டேங்க் பண்றாங்கல்ல, அது இரும்புதானே?"

ஆமாம் என்றேன்.

"அடுத்து அதை வாங்கு. துரு நான் வைக்கிறேன்."