என் வலது காதும் ஜனாதிபதி ஆட்சியும்

என் இடது காதில் துளை இருக்கிறது. வலது காதில் இல்லை. காலேஜில் படிக்கும்போது நாலைந்து பேர் இதை ஃபேஷன் என்று நினைத்துக்கொண்டார்கள். நானும் மறுக்கவில்லை. உண்மையான காரணம், இந்திய அரசியல் சட்டத்தின் 356-வது பிரிவு.

சிரிக்காதீர்கள் சார். 1991 ஜனவரி 30-ம் தேதி தி.மு.க. ஆட்சியைக் கலைத்தார்கள். அந்த வார ஞாயிற்றுக்கிழமை, ராசிபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் குலதெய்வம் கோயிலில் எனக்கு மொட்டை, காதுகுத்து. எனக்கு வயசு ஒன்று. தாய்மாமன் மடியில் உட்கார வைத்து இடது காதைக் குத்தியாகிவிட்டது. நான் வீறிட்டுக் கொண்டிருக்க, மாமா உற்சாகமாகக் குரல் கொடுத்தாராம். "வந்த சனத்துக்கெல்லாம் ஆளுக்கு ரெண்டு லட்டு கொடுங்கப்பா!"

அப்பா கேட்டார்: "இந்த லட்டு எதுக்குங்க மச்சான்? காதுக்கா, கலைப்புக்கா?"

மாமாவுக்குப் பொய் சொல்ல வராது. "ரெண்டுக்குந்தான்னு வெச்சுக்குங்களே மாப்ளே."

அவ்வளவுதான். மடியிலிருந்த என்னைப் பிடுங்கிக்கொண்டு அப்பா பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிட்டார். வலது காது தப்பித்தது. இரண்டு பேரும் அதற்கப்புறம் இரண்டு வருஷம் பேசிக்கொள்ளவில்லை. நடுவில் அம்மாதான் தூது.

அப்பா சங்ககிரியில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் முப்பது வருஷம் கணக்கு எழுதியவர். நெஞ்சைப் பிளந்தால் உதயசூரியன் தெரியும். மாமா, சேகோ ஆலைகளுக்குக் குச்சிக்கிழங்கு ஏற்றிவிடும் வியாபாரி. அவர் வீட்டுப் பூஜை அறையில் முருகனுக்குப் பக்கத்தில் எம்.ஜி.ஆர். இருக்கிறார். இரண்டு பேருக்கும் ஊதுபத்தி ஒன்றுதான்.

நான் பி.காம். படித்தவன். ஒரு மழை நாளில் வேலையில்லாமல் (எழுதிப் பிழைப்பவனுக்கு மழை வராத நாளிலும் வேலையிருக்காது என்பது வேறு விஷயம்) இவர்கள் சண்டையை லெட்ஜராகப் போட்டுப் பார்த்தேன்.

1976 ஜனவரி 31. நெருக்கடி நிலைக் காலம். கருணாநிதி ஆட்சி கலைப்பு. அப்பா கணக்கில் ஜனநாயகப் படுகொலை. மாமா கணக்கில், "பின்னே, மாலை போடுவாங்களா?"

1980 பிப்ரவரி 17. எம்.ஜி.ஆர். ஆட்சி கலைப்பு. இப்போது மாமா கணக்கில் ஜனநாயகப் படுகொலை. அப்பா கணக்கில், "சட்டத்துல இடமிருக்குதுங்க மச்சான், படிச்சுப் பாருங்க."

1988 ஜனவரி 30. ஜானகி ஆட்சி 24 நாளில் போயிற்று. இதில் மட்டும் என்ட்ரி போட முடியவில்லை. அந்த மாசம் தான் எந்த அணி என்று மாமாவுக்கே தெரியாதாம்!

1991, மேலே சொன்ன லட்டு.

டெபிட், கிரெடிட் இரண்டையும் கூட்டினேன். அச்சாக டாலி ஆயிற்று. ஒருவர் 'அநியாயம்' என்று எழுதிய இடத்திலெல்லாம் இன்னொருவர் 'நியாயம்' என்று எழுதியிருந்தார். ஜனாதிபதிக்கு எவ்வளவு அதிகாரம் இருக்கலாம் என்பதற்கு இருவரிடமும் ஒரே பதில்தான்: யார் நாற்காலி போகிறது என்பதைப் பொறுத்தது!

ஆனால், 1991 சமாச்சாரத்தில் அப்பா பக்கம் ஒரு பலமான பாயின்ட் உண்டு. ஆட்சியைக் கலைக்க ஆளுநர் அறிக்கை வேண்டும் என்றுதான் நாமெல்லாம் நினைத்திருக்கிறோம். அன்றைய ஆளுநர் சுர்ஜித் சிங் பர்னாலா அப்படியொரு அறிக்கை தர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். சந்திரசேகர் சர்க்கார் சட்டப் புத்தகத்தைப் புரட்டியது. 356-ல் 'ஆளுநரின் அறிக்கையின் பேரிலோ, வேறு வகையிலோ' என்கிற அர்த்தத்தில் ஒரு வார்த்தை இருக்கிறது. அந்த 'வேறு வகை' போதும் என்று சிபாரிசு போயிற்று. ஜனாதிபதி ஆர்.வெங்கட்ராமன், நம்ம தமிழ்நாட்டுக்காரர், கையெழுத்துப் போட்டார். பர்னாலாவைப் பீகாருக்கு மாற்றினார்கள். அவர் போகாமல் ராஜினாமா செய்தார். அந்த மனிதரைப் பற்றி மட்டும் மாமா வாய் திறந்து தப்பாகச் சொன்னதில்லை. "சிங்கு நேர்மையான ஆளுதான்" என்பார், குரலைக் கொஞ்சம் தாழ்த்தி.

ஜனாதிபதி வெறும் ரப்பர் ஸ்டாம்ப்தானா என்று கேட்பீர்கள். 1975-ல் அபு ஆபிரகாம் ஒரு கார்ட்டூன் போட்டார். ஜனாதிபதி குளியல் தொட்டியில் உட்கார்ந்தபடியே அவசரச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டு நீட்டுவார். எல்லோரும் அப்படி இல்லை. கே.ஆர்.நாராயணன் 1997-ல் உத்தரப்பிரதேசத்துக்கும், 1998-ல் பீகாருக்கும் வந்த கலைப்பு சிபாரிசைத் திருப்பி அனுப்பினார். ஒன்று குஜ்ரால் சர்க்கார் அனுப்பியது, இன்னொன்று வாஜ்பாய் சர்க்கார் அனுப்பியது. மனுஷர் கட்சி பார்க்கவில்லை! நடுவே 1994-ல் பொம்மை வழக்கில் ஒன்பது நீதிபதிகள், மெஜாரிட்டியைச் சட்டசபையில்தான் எண்ண வேண்டும், ராஜ்பவன் ஹாலில் அல்ல என்று சொன்ன பிறகு 356-க்குப் பல் ஆட ஆரம்பித்தது.

இந்த விளையாட்டுக்குப் பிள்ளையார் சுழி போட்டதில் எங்கள் ஜில்லாவுக்கும் பங்குண்டு, மறைப்பானேன். சேலத்தில் வக்கீலாக இருந்து, முனிசிபல் சேர்மனாக இருந்த ராஜாஜிதான் கடைசி கவர்னர் ஜெனரல். அவர் எழுந்த இடத்தில்தான் 1950-ல் ஜனாதிபதி உட்கார்ந்தார். அதே ராஜாஜி 1952-ல் சென்னை ராஜ்ய முதல் மந்திரியானார். 375 இடத்தில் காங்கிரசுக்குக் கிடைத்தது 152. ராஜாஜி தேர்தலில் நிற்கவே இல்லை. கவர்னர் ஸ்ரீபிரகாசா அவரை மேல்சபைக்கு நியமித்து, ஆட்சி அமைக்கக் கூப்பிட்டார். இதைச் சொன்னால் அப்பாவும் மாமாவும் ஒன்றாகச் சேர்ந்து, "அது தப்புதான்" என்பார்கள். இரண்டு பேருக்கும் அதில் பங்கு இல்லை பாருங்கள்.

சரி, போன கதை இருக்கட்டும். 2025 ஏப்ரல் 8-ம் தேதி மத்தியானம் அப்பா என்னை டவுனுக்கு விரட்டினார். "அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கிட்டு வா!" அவருக்குச் சர்க்கரை 240. ஆளுநர் ரவி நிறுத்தி வைத்து, சட்டசபை மறுபடி நிறைவேற்றிய பிறகும் ஜனாதிபதிக்கு அனுப்பிவிட்ட பத்து மசோதாக்களும் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்று சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. ஆளுநருக்குக் கெடு, ஜனாதிபதிக்கே மூன்று மாசக் கெடு. மைசூர்பாகு மாமா வீட்டுக்கும் போயிற்று. திரும்பி வந்தது.

நவம்பர் 20-ம் தேதி மாமா டி.வி.எஸ். ஃபிப்டியில் ஒரு கிலோ அல்வாவோடு வந்து இறங்கினார். ஜனாதிபதி கேட்ட 14 கேள்விகளுக்கு ஐந்து நீதிபதிகள் பதில் சொல்லியிருந்தார்கள். கோர்ட் கெடு விதிக்க முடியாது, 'கருதப்படும் ஒப்புதல்' என்று ஒன்று கிடையாது. (காரணமே சொல்லாமல் ஆளுநர் காலவரையின்றி உட்கார்ந்துவிடவும் முடியாது என்று அதிலேயே இருந்தது. மாமா அந்தப் பாராவுக்குள் போகவில்லை.)

"மாமா, அந்தப் பத்துல ரெண்டு மசோதா 2020-ல உங்க ஆட்சியில நிறைவேத்துனது" என்றேன். அல்வா பாதி வாயில் நின்றது. அப்பா சிரித்த சிரிப்பில் நாய் எழுந்து வெளியே போயிற்று.

அப்போதுதான் அம்மா சமையல்கட்டிலிருந்து வந்தார். கையில் காலிக் குடம். "ஏனுங்க, ஏண்ணா, ரெண்டு பேரும் முடிச்சாச்சுங்களா? போர் மோட்டார் காயில் கருகி இன்னையோட இருபத்திரெண்டு நாளு. முட்டி வலியோட தோட்டத்துக் கெணத்துல போயி சப்பைத் தண்ணி சொமக்கறேன். யாருகிட்டப் போயிக் கேக்கறது?"

யாரிடம் கேட்பது? சத்தியமாக யாருக்கும் தெரியவில்லை. முன்னாடி என்றால் ஊராட்சித் தலைவர் வீட்டுத் திண்ணைக்குப் போய்க் கத்தலாம். அவர் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ம் தேதியோடு முடிந்துவிட்டது. சேலம், நாமக்கல் உட்பட 2019 டிசம்பரில் ஓட்டுப் போட்ட ஜில்லாக்களில் எல்லாக் கிராமத்திலும் இதே கதை. தேர்தல் இல்லை, தனி அலுவலர் ஆட்சி. தனி அலுவலரைப் பார்க்க அம்மா இரண்டு தடவை பஸ் ஏறிப் போய்விட்டு வந்தார். ஒரு தடவை மீட்டிங். இன்னொரு தடவை ஃபீல்டு.

மனு எழுதுவது என்று முடிவாயிற்று. அப்பா கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அவர் சொல்லச் சொல்ல நான் லேப்டாப்பில் அடித்தேன். மோட்டார், நாள் கணக்கு, 140 வீடு எல்லாம் ஆயிற்று. மாமா குறுக்கிட்டார். "இத்தன மாசமா ஊராட்சித் தேர்தல் நடத்தாததாலதான் கேக்க நாதியில்லைன்னு ஒரு வரி போடு மாப்ளே."

அப்பா முகம் மாறியது. அவர் கட்சி ஆட்சி. "அதெல்லாம் எதுக்குங்க? வார்டு எல்லை பிரிக்கற வேலை இருக்குதுல்ல."

"உங்காளுக பண்ணுனா வேலை, டெல்லிக்காரன் பண்ணுனா அராஜகமா?"

"அப்படீன்னா 2016 அக்டோபர்லயிருந்து 2019 வரைக்கும் மூணு வருஷம் உங்க ஆட்சியில தனி அலுவலர் இருந்தாருல்ல? அதையும் சேர்த்துப் போடுங்க. நான் கையெழுத்துப் போடறேன்."

"அது கோர்ட் கேஸுங்க!"

ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை, பதவிக்காலம் முடியுமுன் தேர்தலை முடிக்க வேண்டும் என்று 243-இ பிரிவு சொல்கிறது. 1993-லேயே அமலுக்கு வந்தது. 356-ஐ நம்பர் நம்பராக ஒப்பிக்கிற இரண்டு பேருக்கும் இந்த நம்பர் தெரியாது. எனக்கும் அன்றைக்கு ராத்திரி தேடித்தான் தெரிந்தது.

"மொதல்ல மோட்டார எழுதுங்க. அந்த வரிய அப்புறம் எழுதிக்கலாம்" என்றார் அம்மா.

நான் அந்த வரியை அழித்தேன். வீட்டுச் சமாதானத்துக்காக அழித்ததாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். உண்மையில், தேர்தல் என்று எழுதினால் ஆபீஸில் மனுவை ஓரமாக வைத்துவிடுவார்களோ என்று பயம். வாரா வாரம் ஜனநாயகம் பற்றி எழுதிச் சம்பாதிக்கிறவன் நான்.

மேலே அப்பா, கீழே மாமா, அதற்குக் கீழே தெருவே கையெழுத்துப் போட்டது. யார் மேலே போடுவது என்று கால் மணி நேரம் நடந்ததை விட்டுவிடுகிறேன்.

பதினோராம் நாள் ரீவைண்டிங் ஆகி மோட்டார் வந்தது. மறுநாள் காலை ஐந்தரைக்குக் குழாயில் தண்ணீர். அம்மா நாலு குடம் பிடித்து வரிசையாக வைத்துவிட்டு, முட்டியைத் தேய்த்தபடி என்னைக் கூப்பிட்டார்.

"ஏஞ்சாமி, அந்தத் தேர்தல் வரிய அப்புறம் எழுதிக்கலாம்னேனே... எப்ப எழுதறது?"

திண்ணையில் அப்பாவும் மாமாவும் 1980-ல் இருந்தார்கள்.