பெட்டூனியாவும் போர் தண்ணியும்

ஓசூர் பக்கம் பூ வளக்கறோம்னு சொன்னா எல்லாரும் "ரோஜாவா?"ன்னுதான் கேப்பாங்க. எங்க தேன்கனிக்கோட்டை மொட்டைமாடிகள்ல பெட்டூனியாவுக்கும் ஒரு கூட்டம் இருக்கு மக்களே. ஜனவரில லால்பாக் மலர்க்காட்சி பாத்துட்டு ரெண்டு தொட்டியோட பஸ் ஏறற கூட்டம் :-)

மூணாவது வாரம் புலம்பல் ஆரம்பிச்சுடும். "இலையெல்லாம் மஞ்சளாப் போச்சு!"

எங்க தெருவுல ஒரு அக்கா, கம்பெனி ஷிப்ட் போக மிச்ச நேரத்துல வாசல்ல செடி விக்கறாங்க. போன மார்கழில நாப்பது பெட்டூனியா வெச்சிருந்தாங்க. அத்தனையும் மஞ்சள். வித்தாதான் பையனோட ஸ்கூல் வேன் காசு. "உரம் பத்தல போல தம்பி"ன்னு யூரியாவோட நின்னாங்க. இருங்கக்கா, முதல்ல இலையைப் பாருங்கன்னேன்.

தழைச்சத்து குறைஞ்சா அடி இலைதான் முதல்ல மஞ்சளாகும். இங்க அடி இலை பச்சை, கொழுந்துதான் மஞ்சள். அதுலயும் நரம்பு மட்டும் பச்சைக் கோடா நிக்குது. இது இரும்புச்சத்து விவகாரம். மண்ணுல இரும்பு இருந்தாலும் எங்க தெரு போர் தண்ணி அதை விடாது. குடத்துல வெள்ளையாப் படியற அதே சுண்ணாம்பு தொட்டி மண்ணைக் காரமாக்கிடும். அப்புறம் இரும்பு கரையாது, வேர் இழுக்காது. அதே தண்ணில ஜெரேனியம் ஜம்முனு இருக்கும். பெட்டூனியா இந்த விஷயத்துல நோஞ்சான்.

லிட்டருக்கு 3 கிராம் அன்னபேதி, கொஞ்சம் எலுமிச்சை சாறு, சாயங்காலமா இலைல தெளிப்பு. (கூடினா இலை கருகும், பூ மேல பட்டா கறை.) யூரியா மூட்டை உள்ள போயிடுச்சு. ரெண்டு வாரத்துல புதுக் கொழுந்து பச்சையா வந்துச்சு. ஏழெட்டு செடி போச்சு, மிச்சம் வித்துடுச்சு. தொட்டிக்கு மழைத்தண்ணி பிடிச்சு வெச்சா இன்னும் நல்லது.

இலை பிசுபிசுன்னு ஒட்டுதுன்னு சிலர் பயப்படறாங்க. அது நோயில்ல, அதோட சுபாவமே அப்படித்தான். கொடி மாதிரி நீண்டு நுனில மட்டும் பூத்தா, யோசிக்காம பாதியா வெட்டி விடுங்க. மழைல பெரிய பூ ரகம் கூழாயிடும், சின்னப் பூ ரகம் தாங்கும்.

ஆனா நான் நெசமா பயப்படறது வேற ஒண்ணுக்கு. பெட்டூனியா தக்காளி, கத்தரி, புகையிலைக்கெல்லாம் பங்காளி. பேரே தென்னமெரிக்கப் பழங்குடி மொழில புகையிலைக்கான சொல்லுல இருந்து வந்ததுதான். ராயக்கோட்டை மார்க்கெட்டை நம்பித் தக்காளி போடற ஊருங்க இது. புகையிலைத் தேமல் வைரஸ் வந்தா இலை வெளிர் பச்சையும் கரும்பச்சையுமா திட்டுத் திட்டா மாறும். மருந்து கிடையாது, பிடுங்கி எரிக்கணும். பீடித் தூள்லயும் அந்த வைரஸ் உயிரோட இருக்கும். பீடி பிடிச்ச கையோட நாத்தைத் தொட்டா போதும். சோப்புப் போட்டுக் கை கழுவிட்டுத்தான் செடிகிட்டப் போகணும்.

அக்கா இப்ப பெட்டூனியாவையும் தக்காளி நாத்தையும் தனித்தனியா வெச்சுட்டாங்க. பீடி விஷயத்தை அவங்க மாமனார்கிட்ட யார் சொல்றதுன்னுதான் பேச்சுவார்த்தை நடக்குது.