கோவிந்துவின் பூ

பி.காம். படித்ததில் எனக்குக் கிடைத்த லாபம் ஒன்றுதான். எதற்கெடுத்தாலும் 'வவுச்சர் இருக்கா?' என்று கேட்கிற புத்தி. காலேஜுக்கு முன்பே அதைப் புகட்டியவர் அப்பா. ராயபுரத்திலிருந்து சைக்கிளில் துறைமுகத்துக்குப் போய், ஒரு கிளியரிங் கம்பெனியில் முப்பது வருஷம் பேரேடு எழுதியவர். "ரசீது இல்லாம ஒரு பைசா எழுதக் கூடாதுடா" என்பார். முத்து முத்தாக எழுதுவார். கடைசியில் கையெழுத்துப் போடுவது மட்டும் மேனேஜர்!

ஒருமுறை வேலையாகக் கோவை போனபோது, வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள ஹெர்பேரியத்துக்குள் நுழைந்தேன். இருப்பது கோவையில், பெயரோ 'மெட்ராஸ் ஹெர்பேரியம்'. 1853-ல் நம்ம ஊரில் ஆரம்பித்து, 1874-ல் ஊட்டிக்கும் 1909-ல் கோவைக்கும் குடிபோனதாம்.

செடியை அழுத்திக் காயவைத்து, அட்டையில் ஒட்டி, அலமாரியில் அடுக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு அட்டையிலும் ஒரு சீட்டு. என்ன செடி, யார் பறித்தது, எந்த இடம், என்ன தேதி, என்ன நம்பர். இதற்கு அவர்கள் சொன்ன பெயரைக் கேட்டதும் சிரித்துவிட்டேன். 'வவுச்சர் ஸ்பெசிமன்'!

'எங்க மலையில அந்தக் காலத்துல காட்டு ஆர்க்கிட் பூக்கும்' என்று யாரும் சொல்லலாம். ரசீது? இந்த அட்டைதான். காடே போனாலும் சாட்சி நிற்கும்.

ஆனால், ஆர்க்கிட்டில் ஒரு சிக்கல். சதைப்பற்றான செடி, லேசில் காயாது. காய்ந்தாலோ நிறம் போய், பூ நசுங்கிவிடும். அதன் இதழ் எப்படி வளைந்திருந்தது என்று அட்டையைப் பார்த்துச் சொல்வது கஷ்டம். அங்கேதான் ஓவியர் வேண்டியிருந்தது.

கிழக்கிந்தியக் கம்பெனி டாக்டர் ராபர்ட் வைட், 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளாக 2,101 தாவரப் படங்களைச் சென்னையில் வெளியிட்டார். அவருக்காக வரைந்தவர்களில் முக்கியமான இருவர் ரங்கையா, கோவிந்து. இரண்டு பேருமே நம் நாட்டுக்காரர்கள்.

வைட் நன்றி மறக்கவில்லை. ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே 'கோவிந்தூயா' என்று பெயர் வைத்தார். துரைமார் பெயரைச் செடிகளுக்குச் சூட்டிய காலத்தில், சம்பளத்துக்குப் படம் போட்டவர் பெயரில் ஒரு பூ!

பெயர் நிலைக்கவில்லை. அதே பேரினத்துக்கு லிண்ட்லி என்பவர் 1833-லேயே 'டிரோப்பிடியா' என்று பெயர் வைத்திருந்தார். முதலில் பதிவான பெயர்தான் செல்லும் என்பது தாவரவியல் சட்டம். யார் மேலும் தப்பில்லை. ஆனாலும் எனக்கு மனசு கேட்கவில்லை.

அப்புறம்தான் அப்பா சொன்ன இன்னொன்று ஞாபகம் வந்தது. பேரேட்டில் தப்பு வந்தால் அழிக்கக் கூடாது. ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுத வேண்டும். பழசும் படிக்கிற மாதிரி இருக்கணும். தாவரவியலும் அப்படித்தான். செல்லாத பெயரைத் தூக்கிப் போடுவதில்லை. செல்லுபடியாகும் பெயருக்குக் கீழே எழுதி வைக்கிறார்கள். டிரோப்பிடியாவைத் தேடிப் போகிறவர் இன்றைக்கும் கோவிந்துவைப் பார்க்கலாம்.

அப்பாவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கம்பெனியை மூடியபோது பேரேடுகள் எல்லாம் எடைக்குப் போய்விட்டன. கல்மண்டபம் பக்கத்தில் எந்தக் கடையில் அவர் எழுத்தில் சுண்டல் மடித்தார்களோ! என்னிடம் மிஞ்சியது அவர் எழுதிய ஒரு மளிகை லிஸ்ட். அதன் ஓரத்தில் பென்சிலால் அவர் பெயர், ஊர், தேதி எழுதிப் பத்திரப்படுத்திவிட்டேன்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஏதாவது துண்டுச்சீட்டு இருக்கும். இன்றைக்கே எழுதி வையுங்கள். ரசீது முக்கியம்!