ஓபர்லின் என்றொரு சின்ன ஊர்

மகளுக்குப் பிரசவம் பார்க்கப் போகிற தாய்க்கு அமெரிக்கா என்பது என்ன? அடுப்படி, தொட்டில், பால் புட்டி, பத்தியச் சமையல். இவ்வளவுதான். போன வருஷம் ஓஹையோ மாநிலத்தில் கிளீவ்லாண்ட் நகரத்தில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தேன். "நயாகரா பார்த்தீங்களா, நியூயார்க் பார்த்தீங்களா?" என்று அக்கம்பக்கத்தில் எல்லாரும் கேட்டார்கள். இரண்டும் பார்க்கவில்லை. நானாக ஆசைப்பட்டுக் கேட்டுப் போனது ஒரே ஒரு ஊருக்குத்தான். அதன் பெயர் ஓபர்லின்.

அந்தப் பெயர் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? 1978ல் நான் மதுரை லேடி டோக் கல்லூரியில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். ஓபர்லின் கல்லூரியில் படித்து முடித்த இளைஞர்கள் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க மதுரைக்கு வருவார்கள். எங்கள் கல்லூரிக்கும் வருவார்கள், அமெரிக்கன் கல்லூரிக்கும் போவார்கள். எங்களுக்கு வந்த பெண் கைத்தறிச் சேலை கட்டிக்கொண்டு, கொசுவம் நழுவிவிடுமோ என்று ஒரு கையால் பிடித்தபடியே பாடம் நடத்துவார். "எங்கள் ஊர் மிகச் சின்னது. ஆனால் எங்கள் நாட்டில் ஆண்களோடு பெண்களையும் உட்காரவைத்துப் பட்டப் படிப்புச் சொல்லிக்கொடுத்த முதல் ஊர் அதுதான்" என்று ஒரு நாள் சொன்னார். இரண்டாம் வருஷம் பாதியில் எனக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. படிப்பு அத்தோடு நின்றது. அந்த ஊரின் பெயர் மட்டும் மனதில் தங்கிவிட்டது.

"ஏம்மா, நயாகராவை விட்டுட்டு அந்தப் பட்டிக்காட்டுக்கா போகணுங்கிறே?" என்று மகள் சிரித்தாள். ஆனாலும் ஒரு சனிக்கிழமை பேரனைக் கார் இருக்கையில் கட்டி உட்காரவைத்துக் கூட்டிப் போனாள். கிளீவ்லாண்டிலிருந்து 35 மைல். வழியெல்லாம் மக்காச்சோளக் கொல்லைகள். அவளும் முதுகலைப் படிப்பில் ஒரு வருஷத்தைப் பாக்கி வைத்துவிட்டுத்தான் பிள்ளை பெற்றிருந்தாள். "மறுபடி எப்போ போகப்போறே?" என்று கேட்டேன். "இனிமே எங்கம்மா? இவனை யாரு பாத்துக்குவா?" என்று ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாள். நான் மேலே கேட்கவில்லை.

மதுரையில் கோயிலைச் சுற்றி ஊர் இருக்கிற மாதிரி ஓபர்லினில் ஒரு புல்வெளியைச் சுற்றி ஊர் இருக்கிறது. டாப்பன் சதுக்கம் என்று பெயர். 13 ஏக்கர். கல்லூரிக்கும் ஊருக்கும் நடுவே மதில்சுவர் கிடையாது. ஒரு பக்கம் வகுப்புகள், இன்னொரு பக்கம் கடைகள். மொத்த ஜனத்தொகையே 8,000 சொச்சம்தான். அதில் மாணவர்களே பெரும் பங்கு.

1833ல் இந்த இடம் வெறும் காடு. களிமண் நிலம், மழை பெய்தால் சேறு. ஜான் ஷிப்பர்ட், ஃபைலோ ஸ்டூவர்ட் என்ற இரண்டு பேர், கடவுளுக்குப் பயந்த, எளிமையான ஒரு ஊரையும் ஒரு பள்ளிக்கூடத்தையும் சேர்த்தே உண்டாக்குவது என்று கிளம்பினார்கள். ஓர் எல்ம் மரத்தடியில் முதல் மரக்குடிசையைப் போட்டுக் குடியேறியது குழந்தைகுட்டிகளோடு வந்த ஒரு குடும்பம்.

ஊருக்கு வைத்த பெயரைப் பாருங்கள். ஓபர்லின் என்பவர் பிரான்சு தேசத்தில் ஒரு மலைக் கிராமத்துப் பாதிரியார். அங்கே அப்பா அம்மா வயலுக்குப் போய்விட்டால் சின்னப் பிள்ளைகள் அனாதையாய்த் திரியும். அவர் இளம்பெண்களை வைத்து அந்தப் பிள்ளைகளை ஓரிடத்தில் கூட்டி, பின்னல் வேலையும் பாட்டும் செடிகொடிகளின் பெயரும் சொல்லிக்கொடுக்கச் செய்தார். இன்றைய பாலர் பள்ளிகளுக்கு அது ஒரு முன்னோடி. அவர் இறந்தது 1826ல். ஏழு வருஷம் கழித்து, கடல் கடந்து, அவரைப் பார்த்தே இராத மனிதர்கள் தங்கள் ஊருக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

குடியேற வந்தவர்கள் ஓர் உறுதிமொழி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஆடம்பர உடை கூடாது. பெண்கள் இடுப்பை இறுக்கிக் கட்டும் நாகரிக உடை உடம்புக்குக் கெடுதல், அதுவும் கூடாது. புகையிலை கூடாது. காப்பி, டீ கூட முடிந்தவரை வேண்டாம். "காப்பி இல்லேன்னா நீ ஒரு நாள்கூட அங்கே இருந்திருக்க மாட்டேம்மா" என்றாள் மகள்.

இதை விடப் பெரிய கூத்து பிறகு நடந்தது. சில்வெஸ்டர் கிரஹாம் என்பவருடைய பத்திய முறையை விடுதியில் கொண்டுவந்தார்கள். தவிட்டோடு சேர்ந்த கோதுமை ரொட்டி, காய், பழம். கறி இல்லை, மசாலா இல்லை. சாப்பாட்டு மேஜைக்கு மிளகுப்பொடி டப்பாவைக் கொண்டுவந்த ஒரு பேராசிரியருக்கு அதனால்தான் வேலை போயிற்று என்று இன்றும் கதை சொல்கிறார்கள். கடைசியில் 1841ல் ஊர் கூடிக் கூட்டம் போட்டு, இந்தப் பத்தியம் ஆளைக் கொல்லுகிறது என்று எதிர்ப்புச் சொன்னார்கள். பத்தியமும் போயிற்று. தவிடு நீக்காத கோதுமை நல்லது என்று அவர்கள் சொன்னதை இன்றைய டாக்டர்களும் சொல்கிறார்கள். மிளகு விஷயத்தில் நம் பாட்டிமார் பக்கம்தான் நியாயம்!

ஸ்டூவர்ட் ஒரு காரியம் செய்தார். அந்தக் காலத்தில் அங்கே பெண்கள் கணப்பு அடுப்பில் குனிந்து, புகையில் வெந்து சமைப்பார்கள். அவர் விறகு குறைவாகச் செலவாகும் இரும்பு அடுப்பு ஒன்றைச் செய்து 1834ல் காப்புரிமை வாங்கினார். அதற்கு ஓபர்லின் அடுப்பு என்றே பெயர்.

பள்ளி தொடங்கியபோது 44 பேர் சேர்ந்தார்கள். அதில் 15 பேர் பெண்கள். 1835ல் கறுப்பின மாணவர்களைச் சேர்ப்பதா என்று நிர்வாகக் குழுவில் வாக்கெடுப்பு வந்தது. சரிபாதியாகப் பிரிந்து நின்றபோது, தலைவராக இருந்த ஜான் கீப் போட்ட ஓட்டு கதவைத் திறந்துவிட்டது. மேரி ஜேன் பேட்டர்சன் என்ற கறுப்பினப் பெண் 1862ல் இங்கே பி.ஏ. பட்டம் வாங்கினாள். அவள் இனத்துப் பெண்களில் அந்தப் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான்.

1837ல் நான்கு பெண்கள், ஆண்கள் படிக்கிற அதே பட்டப் படிப்பில் சேர்ந்தார்கள். 1841ல் மூன்று பேர் பட்டம் வாங்கினார்கள். அந்த நாலாவது பெண் என்ன ஆனாள்? என் மனசு அங்கேதான் போய் நின்றது. அவளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கதவைத் திறந்தார்களே தவிர, சமமாக நடத்தினார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். திங்கட்கிழமை வகுப்பு கிடையாது. அன்று பெண் மாணவிகள் ஆண் மாணவர்களின் துணிகளைத் துவைத்து, கிழிசல் தைத்துக் கொடுக்க வேண்டும்! படிப்போடு உழைப்பும் என்பது கொள்கை. ஆண்களுக்கு வயல் வேலை, பெண்களுக்கு அடுப்படியும் தொட்டியும். லூசி ஸ்டோன் என்ற பெண் மணிக்கு 3 சென்ட் கூலிக்கு வீட்டு வேலை செய்து படித்தாள். மேடையில் பேசப் பெண்களுக்கு அனுமதி இல்லை. அவளும் அவள் தோழி ஆன்டனெட் பிரவுனும் ஊருக்கு வெளியே ரகசியமாகக் கூடி விவாதம் செய்து பழகினார்கள். 1847ல் லூசி பட்டம் பெற்றபோது விழாவுக்குக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். அதை வாசிக்கப்போவது ஓர் ஆண் என்று தெரிந்ததும், "நான் எழுதவே மாட்டேன்" என்று மறுத்துவிட்டாள். பின்னாளில் பெண்கள் உரிமைக்காக ஊர் ஊராகப் பேசிப் புகழ்பெற்றாள். 1883ல் கல்லூரியின் ஐம்பதாவது ஆண்டு விழா வந்தது. அப்போது அதே ஊர் அவளை மேடையேற்றிப் பேசவைத்தது. அதற்கு முப்பத்தாறு வருஷம் ஆயிற்று.

இப்போது அந்த நாலாவது பெண். அவள் பெயர் மேரி கெல்லாக். பணக் கஷ்டத்தால் படிப்பைப் பாதியில் விட்டாள். தெற்கே லூயிசியானாவுக்குக் குடும்பத்தோடு போய்விட்டாள். அங்கே தேடிப் போய் 1841ல் அவளைக் கல்யாணம் செய்துகொண்டு ஓபர்லினுக்கு அழைத்து வந்தவர் ஜேம்ஸ் ஃபேர்சைல்ட் என்ற இளம் ஆசிரியர். கூடப் படித்தவர்கள் பட்டம் வாங்கிய அதே வருஷத்தில் இவள் மணப்பெண்ணாகி, அதே ஊருக்குக் குடித்தனம் செய்ய வந்தாள்.

பதினேழு வருஷம் போயிற்று. தெற்கு மாநிலங்களில் அடிமை முறை இருந்த காலம். தப்பி வரும் அடிமைகளைக் கனடாவுக்கு வழியனுப்பும் ஊராக ஓபர்லின் பெயர் வாங்கியிருந்தது. உதவி செய்தால் 1,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை ஜெயில் என்று 1850லேயே சட்டம் போட்டிருந்தார்கள். 1858 செப்டம்பர் 13ந் தேதி, ஜான் பிரைஸ் என்ற இளைஞனை, உருளைக்கிழங்கு தோண்டும் வேலை இருக்கிறது என்று ஏமாற்றி வரவழைத்துப் பிடித்துக்கொண்டு போனார்கள் அடிமை பிடிப்பவர்கள். ஒன்பது மைல் தெற்கே வெலிங்டன் என்ற ஊரில் ரயிலுக்காக ஒரு ஹோட்டலில் வைத்திருந்தார்கள். செய்தி பரவியது. கறுப்பர், வெள்ளையர், கடைக்காரர், மாணவர் என்று நூற்றுக்கணக்கான பேர் ஓடிப் போய்ச் சூழ்ந்து அவனை மீட்டு வந்துவிட்டார்கள்.

மீட்டாயிற்று, எங்கே ஒளித்துவைப்பது? யாரும் சந்தேகப்படாத வீடாக இருக்க வேண்டும். சாதுவான பேராசிரியர் ஃபேர்சைல்டின் வீட்டில் மேல் பரணில் ஒளித்துவைத்தார்கள். அவன் கனடாவுக்குப் போகும்வரை அடைக்கலம் அந்த வீடுதான். இந்த மீட்புக்காக 37 பேர் மேல் வழக்குப் போட்டார்கள். பலர் கிளீவ்லாண்ட் ஜெயிலில் இருந்தார்கள். அவர்கள் பெயரெல்லாம் சரித்திரத்தில் இருக்கிறது.

மேரியை நினைத்துப் பாருங்கள். கீழே பிள்ளைகள். மேலே உயிருக்குப் பயந்த ஒருவன். வாசலில் யார் காலடி கேட்டாலும் பகீரென்றிருக்கும். பிள்ளைகள் வாய்தவறிச் சொல்லிவிடக் கூடாது. சாப்பாடும் தண்ணீரும் மேலே போக வேண்டும். ஒரு குடும்பத்தலைவி வாய் திறக்காமல் இருந்ததால்தானே ஓர் உயிர் பிழைத்தது? அவள் கணவர் 1866ல் கல்லூரித் தலைவரானார்.

அடுத்தது அலுமினியம். ஆமாம், நம் வீட்டு இட்லிக் கொப்பரை அலுமினியந்தான்! 1880களில் அலுமினியம் வெள்ளிக்குச் சமமான விலை விற்றது. ஓபர்லின் கல்லூரியில் படித்த சார்லஸ் மார்ட்டின் ஹால், 22 வயதில், வீட்டின் பின்னால் இருந்த விறகுக் கொட்டகையில் 1886 பிப்ரவரி 23ந் தேதி மின்சாரத்தால் அதைப் பிரித்தெடுக்கும் வழியைக் கண்டுபிடித்தார். சில வருஷங்களில் விலை பவுண்டு ஒரு டாலருக்கும் கீழே இறங்கியது. அவருடைய பேராசிரியர் குடியிருந்த ஜூவெட் இல்லத்தில் அந்தக் கொட்டகையை அப்படியே அமைத்துக் காட்டுகிறார்கள். (அலுமினியப் பாத்திரத்தில் புளிக்குழம்பும் தயிரும் ஊற்றிவைக்காதீர்கள், சகோதரிகளே. புளிப்பு அந்த உலோகத்தைக் கரைக்கும்.)

அந்த வீட்டிலும் ஒரு பெண். அக்கா ஜூலியா. அவளும் ஓபர்லினில் ரசாயனம் படித்தவள். அம்மா காலமான பிறகு வீட்டுப் பொறுப்பு அவள் தலையில். தம்பியின் சோதனைகளையும் கூட இருந்து கவனித்தாள். பின்னால் காப்புரிமைத் தகராறு வந்தபோது, எந்த நாளில் என்ன நடந்தது என்று சாட்சி சொன்னது அவள்தான். காப்புரிமை தம்பி பெயருக்கு 1889ல் வந்தது. இன்று கல்லூரியில் ஹாலுக்கு அலுமினியத்தில் சிலை இருக்கிறது.

திரும்பி வரும்போது பேரன் தூங்கிவிட்டான். வெகு நேரம் மகள் பேசவில்லை. பிறகு, "அந்த மேரிக்குப் பணம் கட்ட யாராவது இருந்திருந்தா முடிச்சிருப்பா இல்லேம்மா?" என்றாள்.

"முடிச்சிருப்பா."

"நீ?"

எனக்குத் தொண்டை அடைத்தது. படிப்பை விட்டதால் மேரி குறைந்துபோகவில்லை, நானும் குறைந்துபோகவில்லை. ஆனால் படிக்க ஆசை இருந்தும் நின்றது குறைதான். அதை மறைத்து, வீடே போதும் என்று மகளிடம் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "நானும் முடிச்சிருப்பேன். அப்போ பாத்துக்க ஆள் இல்லே. உனக்கு இருக்கேன்" என்றேன்.

நாலு மாதத்தில் திரும்புவதாக இருந்தவள் ஆறு மாதம் இருந்தேன். அவள் மாலை வகுப்பில் சேர்ந்தாள். மாப்பிள்ளை ராத்திரிச் சமையலைக் கற்றுக்கொண்டார். நான் கிளம்பிய வாரம் சம்பந்தி அம்மாள் வந்து இறங்கினார்கள். விமான நிலையத்தில் பேரனை அவர்கள் கையில் கொடுத்து, "சாயங்காலம் ஆறு மணிக்கு இவனுக்குப் பருப்புச்சாதம், ஏழுக்குத் தூக்கம். அவளுக்கு வகுப்பு ஆறரைக்கு" என்று மட்டும் சொன்னேன்.