பொருக்கின் மேல் போகும் வண்டி

ஓமானின் பாலையில் மழை கொட்டும்போது யாரும் வண்டி எடுப்பதில்லை. வெள்ளம் ஓடும் வாதியில், அதாவது காட்டாற்றுப் படுகையில், வண்டியை இறக்குவது அங்கே தண்டனைக்குரிய குற்றம். மழை விட்டு வெயிலடித்து, தரை காய்ந்ததாகத் தோன்றும் நாள்களில்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

அப்படியொரு நாளில்தான் பர் அல் ஹிக்மானுக்குப் போனோம். மஸ்கட்டிலிருந்து சினாவ் வழியாகத் தெற்கே இறங்கி மஹூத்தைத் தாண்டினால், மசீரா தீவுக்கு எதிரே கடலோரமாகப் பரந்து கிடக்கும் தட்டை நிலம். குளிர்காலத்தில் லட்சக்கணக்கான கரைப்பறவைகள் இறங்கும் இடம். நண்பருக்குப் பறவைப் பித்து, எனக்கு வண்டிப் பித்து.

தார் முடிந்ததுமே சேதம் தொடங்கிவிட்டது. வாதி குறுக்கிடும் ஓரிடத்தில் அடிமண்ணை வெள்ளம் அரித்துப் போயிருந்தது, மேலோடு மட்டும் மிச்சம். இருக்கையிலிருந்து பார்த்தால் முழுச் சாலை. இறங்கிப் பக்கவாட்டில் குனிந்தால் கீழே ஒன்றுமே இல்லை. இத்தனைக்கும் அந்த இடத்தில் மழை பெய்திருக்கவே வேண்டியதில்லை. வாதி ஹல்ஃபைன் வடக்கே இஸ்கிப் பக்கத்து மலைகளில் பிறந்து இந்தப் பக்கம் இறங்குகிறது. அங்கே பெய்த மழைக்கு இங்கே சாலை போகும். பிக்கப் ஓட்டிகள் படுகைக்குள் போட்டிருந்த புதுத் தடத்தில், முதலில் நடந்தும் பிறகு வண்டியிலும் கடந்தோம்.

உண்மையான சோதனை சப்கா. கடலோர உவர்நிலத்துக்கு அரபியில் அதுதான் பெயர். நிலத்தடி நீர் கைக்கெட்டும் ஆழத்தில் கிடக்கும். வெயில் அதை மேலே இழுக்க, உப்பு பொருக்காகப் படியும். மழை அந்த உப்பைக் கரைத்துவிடும். பிறகு மேற்பரப்பு மட்டும் காய்ந்து வெளுக்கும், ஆறிய பாலின் மேல் ஆடை மாதிரி. அடியில் களி. டயர் காற்றை 35-இலிருந்து 18 பிஎஸ்ஐக்குக் குறைத்திருந்தோம். மணலுக்கு அது நல்ல மருந்து, சப்காவுக்குப் பாதி மருந்துதான். சிக்கிய வண்டியை இழுக்க வின்ச் இருக்கிறதே என்பார்கள். கொக்கியை எதில் மாட்டுவது? கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு புதர்கூட இல்லை. துணைக்கு இன்னொரு வண்டியும் நீளக் கயிறும் இல்லாமல் இங்கே வருவது வீரம் இல்லை, அசட்டுத்தனம்.

எதிரே ஐஸ் பெட்டியும் மீனுமாக வந்த மீனவர் வண்டியை நிறுத்தினார். அரபியும் இந்தியும் கலந்து, "சதீக் (நண்பா), இந்தத் தடத்தை விட்டு இறங்காதே. உன் டயர் பதிந்த இடத்தில் தண்ணீர் ஊறினால் வந்த வழியே பின்னால் எடு, திருப்பாதே" என்றார். திருப்பினால் சக்கரங்கள் புதுப் பொருக்கில் ஏறும் என்பது அவர் கணக்கு. தடம் வளைந்து வளைந்து போனது. வரைபடச் செயலி காட்டிய நேர்க்கோட்டில் போனால் தூரம் பாதிதான். ஆனால் பிக்கப்புகள் ஆண்டுக்கணக்கில் ஓடி இறுக்கிய மண் எடை தாங்கும், அதற்கு நான்கடி தள்ளியிருப்பது தாங்காது. நேர்க்கோட்டை நம்பிய யாரோ தோண்டிய குழியும், விட்டுப்போன பலகைகளும் வழியில் கிடந்தன.

பறவைகள் இருந்தன, ஆனால் எட்டத்தில். நண்பர் தொலைநோக்கியோடு நடந்து போனார். நான் தடத்திலேயே நின்றேன்.

திரும்பும்போது மஹூத்தில் காற்றை ஏற்றிக்கொண்டு, வண்டியின் அடிப்பாகத்தைக் கழுவச் சொன்னோம். உப்புச் சேற்றை அப்படியே விட்டால் இரும்பைத் தின்றுவிடும். கழுவுகிற பையன் குனிந்து பார்த்து, "சப்காவா? இரண்டு தடவை அடிக்கணும்" என்று இரட்டைக் கூலி கேட்டான். பேரம் பேசவில்லை.