மூடியின் அடிப்பக்கம்

காரின் பானட்டைத் திறந்தால் மூன்று நான்கு மூடிகள் கண்ணில் படும். எண்ணெய்க் குடுவைப் படம் போட்டு எஞ்சின் தலையில் உட்கார்ந்திருப்பதுதான் ஆயில் மூடி. ஆயில் ஊற்றுகிற வழிக்கு ஒரு மூடி, அவ்வளவுதானே என்று தோன்றும். பல வண்டிகளில் எந்த ஆயில் ஊற்ற வேண்டும் என்பதும் அதன் மேலேயே இருக்கும், 5டபிள்யூ-30 என்பதுபோல. டபிள்யூ என்றால் விண்டர், குளிர்காலம். முதல் எண், குளிரில் ஆயில் எவ்வளவு இளக்கமாக ஓடும் என்பதற்கு. அடுத்த எண், சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு. மேற்பக்கம் சொல்வது இவ்வளவுதான். எங்கள் வீட்டில் பிரச்சினை ஆனது அடிப்பக்கம்.

பிஸ்டன் வளையங்கள் எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும், எரிந்த வாயுவில் கொஞ்சம் கசிந்து ஆயில் இருக்கும் அறைக்குள் இறங்கத்தான் செய்யும். அது வெளியேறாவிட்டால் உள்ளே அழுத்தம் கூடி, சீல்கள் வழியாக ஆயில் ஒழுகும். பழைய கார்களில் ஒரு குழாய் வைத்து அந்த வாயுவை நேரே ரோட்டில் விட்டார்கள். உள்ளே புதுக்காற்று போவதற்கு ஆயில் மூடியிலேயே வலை வைத்த துளைகள் இருந்தன. எஞ்சினுக்கு அதுதான் மூக்கு. லாஸ் ஏஞ்சலஸின் புகைமூட்டத்தில் வாகனங்களுக்கும் பங்குண்டு என்று ஆரி ஹாகன்-ஸ்மித் என்ற வேதியியலாளர் 1950களில் காட்டினார். 1960களில் அமெரிக்கக் கார்களில் பிசிவி வால்வு பரவலானது. கசிந்த வாயுவை வெளியே விடாமல் எஞ்சினே திரும்ப உறிஞ்சி எரித்துவிடும். அதன்பிறகு மூடிக்குத் துளை தேவைப்படவில்லை. இறுக்கமாக மூடியிருப்பதே அதன் வேலையானது.

அது லூஸாக இருந்தால் இரண்டு தொந்தரவு. உள்ளே சிதறும் ஆயில் வெளியே தெறிக்கும். சூடான சைலன்சர் குழாயில் பட்டால் புகையும், சில நேரம் தீயும் பிடிக்கும். இன்னொன்று, காற்றை அளந்து பெட்ரோல் விடும் வண்டிகளில் கணக்கில் வராத காற்று உள்ளே புகுந்து, நின்ற இடத்தில் எஞ்சின் உதறும்.

குன்னூரில் இருக்கும் அப்பாவின் காருக்குப் பதினோரு வயது. அப்பாவுக்கு எழுபத்திரண்டு. இரண்டு பேரின் ஓட்டத்தையும் நிறுத்திவிடலாம் என்று வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருந்தபோதுதான் டிசம்பர் மாத சர்வீஸில் மெக்கானிக் அந்த மூடியைத் திருப்பிக் காட்டினார். மத்தில் ஒட்டிய வெண்ணெய்போல அடியில் வெளுப்பாக ஒரு பசை. "ஹெட் கேஸ்கெட் போயிருச்சு சார். கழட்டித்தான் பாக்கணும்." அவர் சொன்ன தொகை வண்டி விலையில் பாதி. அக்கா போனில், "அப்போ வித்துடலாம்ப்பா" என்றாள். அவள் குரலில் நிம்மதி தெரிந்தது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பசை இருந்தால் ஆயிலோடு தண்ணீர் சேர்ந்திருக்கிறது, அது நிச்சயம். எந்தத் தண்ணீர் என்பதுதான் கேள்வி. என் வேலையிலும் இது தினப்படி நடப்பது: லாகில் ஒரே வரி, பின்னால் இரண்டு காரணம். ஹெட் கேஸ்கெட் போயிருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் ஆயிலில் கலக்கும். அப்போது கூலண்ட் குறையும், டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் காபி நிறத்தில் வரும், சைலன்சரில் எஞ்சின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காது.

இன்னொரு தண்ணீர் பெட்ரோலிலிருந்தே வருவது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. பெரும்பகுதி சைலன்சர் வழியே போய்விடும். கசிகிற வாயுவோடு கொஞ்சம் கீழே இறங்கும். எஞ்சின் நன்றாகச் சூடானால் அதுவும் ஆவியாகி, பிசிவி வழியே போய்விடும். சூடாகாவிட்டால், சோற்றுப்பானை மூடியில் நீர் கோப்பதுபோல மேலே குளிர்ந்து கிடக்கும் ஆயில் மூடியில் கோக்கும். அங்கே ஆயிலோடு கலந்து வெண்ணெயாகும். டேஷ்போர்டு முள் நடுவுக்கு வந்துவிட்டதே என்று நம்ப முடியாது. கூலண்ட் சூடான பிறகும் ஆயில் சூடாக இன்னும் நேரம் எடுக்கும். அப்பாவின் ஓட்டமோ வீட்டிலிருந்து மார்க்கெட், மார்க்கெட்டிலிருந்து வீடு. ஒரு வழிக்கு ஒன்றரை கிலோமீட்டர். அதுவும் குன்னூர்க் குளிரில்.

அடுத்த வாரம் நான் ஊருக்குப் போனேன். கூலண்ட் மட்டத்தைப் பேனாவால் குறித்தேன். டிப்ஸ்டிக்கில் பால் நிறம் இல்லை. மூடியைத் துடைத்து மாட்டிவிட்டு மேட்டுப்பாளையம் இறங்கி, திரும்ப மலை ஏறினோம். அப்பாதான் ஓட்டினார். மறுநாள் காலை திறந்தால், அடியில் வெறும் ஆயில் படலம். ஒரு ஓட்டத்தை மட்டும் நம்பாமல் மூன்று வாரம் பார்த்தோம். பேனாக் கோட்டை விட்டுக் கூலண்ட் இறங்கவே இல்லை. கேஸ்கெட்டுக்கு ஒன்றுமில்லை. வண்டிக்கு ஓட்டம்தான் போதவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில், எஞ்சின் சூடாகும் முன், அப்பாவே அதைக் கவனிக்கிறார். முதலில் மூடியைச் சுற்றி இருக்கும் தூசியைத் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே விழும். பிறகு திறந்து, நூல் விடாத துணியால் அடிப்பக்கத்தைத் துடைக்க வேண்டும். ரப்பர் வளையம் விறைத்தோ தட்டையாகியோ வெடித்தோ இருந்தால் மாற்றிவிட வேண்டும். மூடும்போது கையால் இறுக்கினால் போதும், ஸ்பேனர் வேண்டாம். சர்வீஸ் முடிந்து வண்டி வந்தால் முதலில் இதைத் தொட்டுப் பார்ப்பது நல்லது. மூடி தொலைந்தால் துணியைச் செருகி ஓட்டக் கூடாது.

ஆனால் மூடி வண்டியைப் பற்றி மட்டும்தான் சொல்லும். அன்று திரும்பி வரும்போது லேசாக இருட்டிவிட்டது. ஒரு கொண்டை ஊசி வளைவில் எதிரே ஒரு பைக். அப்பா பிரேக்கை மிதிப்பதற்குள் என் கால் தரையை அழுத்தியிருந்தது. பைக் ஒதுங்கிப் போனது. இரண்டு வளைவு வரை நாங்கள் பேசவில்லை. பிறகு அவர்தான் சொன்னார், "லைட்டு பட்டா கொஞ்சம் கூசுதுடா."

கேஸ்கெட் போயிருந்தால் இந்தப் பேச்சு வந்திருக்காது. வண்டி போயிருக்கும், கண்ணைப் பற்றி யாரும் கேட்டிருக்க மாட்டோம். கோயம்புத்தூரில் கண் டாக்டரிடம் நாள் வாங்கியிருக்கிறோம். பஸ்ஸில் போகலாம் என்கிறாள் அக்கா. போக வர எஞ்சின் நல்லாச் சூடாகும் என்கிறார் அப்பா.