எச்சில் பட்ட பல்

பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்தில், ரங்கப்பிள்ளை வீதியை ஒட்டிப் பல் மருத்துவம் பார்க்கிறேன். பல்லைச் சுற்றி ரப்பர் திரை மாட்டி எச்சிலைத் தடுக்கும் முறை 1864-இலேயே வந்துவிட்டது. கல்லூரியில் நானும் ஒழுங்காக மாட்டியவன்தான். சொந்தமாகக் கடை போட்ட பிறகு அந்தப் பெட்டியைத் திறக்கவே இல்லை. வெளியே ஆள் காத்திருக்கும்போது அது வீண் வேலையாகத் தெரிந்தது.

மீன் விற்கும் அம்மா ஒருவர் கீழ்க் கடைவாய்ப் பல்லில் சொத்தையோடு வந்தார். "தம்பி, வெள்ளையாவே அடைச்சுடு. கூடைய பக்கத்துல பாத்துக்கச் சொல்லிட்டு வந்திருக்கேன், சீக்கிரம்" என்றார். கன்னத்தில் பஞ்சு, எச்சில் உறிஞ்சும் குழாய், அவ்வளவுதான் என் ஏற்பாடு. பாஸ்பாரிக் அமிலம் வைத்துக் கழுவி உலர்த்தியதும் எனாமல் சுண்ணாம்பாக வெளுத்தது. 1955-இல் மைக்கேல் புவோனோகோர் காட்டிய வழி இது: அமிலம் அரித்த நுண்குழிகளுக்குள் பிசின் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். நான் பிசினைத் தொடுவதற்குள் அவர் நாக்கு புரண்டது. ஓரத்தில் வெளுப்பு மறைந்து பளபளப்பு வந்தது.

பார்த்தேன். எச்சிலின் புரதம் குழிகளில் படிந்தால் காற்றடித்துப் போகாது, மறுபடி அமிலம் வைக்க வேண்டும் என்பது தெரியாதவன் இல்லை. ஈரம் ஓரளவு தாங்கும் கிளாஸ் அயனோமர் என்ற அடைப்புப் பொருள்கூட அலமாரியில் இருந்தது; ஆனால் அதற்குக் காசு குறைவு. காற்றை மட்டும் அடித்து, பிசின் தடவி, அடைத்து, நீல விளக்கைக் காட்டி முழுக் காசையும் வாங்கிக்கொண்டேன்.

நான் அடைத்த அந்த வெள்ளைப் பொருள், கம்போசிட், இறுகும்போது 2 முதல் 3 சதவீதம் சுருங்கும். பிடிப்பு இல்லாத ஓரம்தான் முதலில் விலகும். அந்த அம்மா திரும்பி வந்தபோது அதே ஓரத்தில் பழுப்புக் கோடு. ஊசி முனை உள்ளே இறங்கியது. "வெத்தலைய விடுங்கம்மா, சரியா தேய்க்கறதில்ல" என்று அதட்டினேன். அவர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். செய்ததைவிட இதுதான் எனக்கு இன்னும் கூசுகிறது.

திறந்தால் உள்ளே ஈரமாக, மெத்தென்று சொத்தை. வேர் சிகிச்சை வரை போக வேண்டியதாயிற்று. காசு வேண்டாம் என்றேன். காரணம் சொல்லவில்லை. "நல்லா இருப்பே தம்பி" என்று போனவர், மீன் பக்கத்திலிருந்து ஆட்களை அனுப்பிக்கொண்டே இருக்கிறார். அவர்களுக்கு ரப்பர் திரை மாட்டுகிறேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.